மொட்டு கிள்ளிய வருடம்

காதம்மாவுக்குத் தன் காதின் மேல் சந்தேகம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எலுமிச்சை மரத்தடியில்.

காதம்மா என்பது அவள் பெற்றோர் வைத்த பெயரில்லை. காது ஆஸ்பத்திரியில் செவித்திறன் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வாள். வயதானவர்கள் அவளை 'காது டெஸ்ட் அம்மா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது தேய்ந்து காதம்மா ஆகி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மெழுகு, பிளாஸ்டர் மாவு, வரிசையாகச் சிரிக்கும் பற்கள். மாடியில் அவருடைய தங்கை இருந்தாள். சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்த்துத் தேர்வு செய்கிற வேலை அவளுக்கு. பக்கத்து வீட்டில் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், "காது, பல்லு, மூக்கு, மூணும் ஒரே வீட்டுல. கண்ணு மட்டும் வந்துட்டா முகம் முடிஞ்சுரும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எலுமிச்சை பூக்கும் வாரங்களில் காதம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். வாரம் முழுக்க 'பீப் பீப்' கேட்ட காதுக்கு அதுதான் மருந்து. மரம் முழுக்கத் தேனீ மொய்க்கும். ஒவ்வொன்றாகக் கேட்காது, மரமே ஒரு பெரிய உடம்பாகி மூச்சு விடுவதுபோல இருக்கும். அந்த மூச்சில் ஏறி அவள் எங்கெங்கோ போய்விடுவாள். சிறுமியாகப் படகில் மல்லாந்து கிடந்த ஒரு மத்தியானத்துக்கு, இறந்துபோன அப்பாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பெயர் தெரியாத ஊர்களுக்கு. திரும்பி வரும்போது முகத்தில் நிழல் இடம் மாறியிருக்கும்.

அன்றைக்கும் கண்ணை மூடினாள். பூ வாசனை வந்தது. இமைக்கு மேலே இலை நிழல் ஆடியது. பாதித் தூக்கத்தில், தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. யாரோ எதிரே நின்று வாயசைத்துப் பேசுகிறார்கள். குரல் மட்டும் வரவில்லை. படகும் வரவில்லை, தையல் மெஷினும் வரவில்லை. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தவள் முதலில் செய்தது, இரண்டு காதுகளையும் விரலால் குடைந்து பார்த்ததுதான்.

வேறொருத்தியாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். காதம்மாவுக்கு விஷயம் தெரியும். வயதானால் முதலில் போவது மெல்லிய, கூர்மையான சத்தங்கள். குருவி, கொலுசு, போன் மணி. தேனீயின் ரீங்காரம் கனத்த சத்தம். அது கடைசியில்தான் போக வேண்டும். கனத்த சத்தம் முதலில் போனவர்களை இத்தனை வருஷத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் மேல் காதை வைத்துப் பார்த்தாள். கேட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று கணவர் எது சொன்னாலும் "என்ன?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள். அவர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? உப்பு கம்மின்னுதானே சொன்னேன்?"

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. உப்பு சரியா இருக்கு."

ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். ஆறாம் நாள், சனிக்கிழமை, கடைசி நோயாளி போனதும் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "எனக்கு ஒரு டெஸ்ட் பண்ணி விடுங்க."

இத்தனை வருஷத்தில் அந்த அறைக்கு உள்ளே நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. கதவு சாத்தியதும் பஞ்சுப் பொதிக்குள் விழுந்ததுபோல் ஆயிற்று. தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்டது. வெகு தூரத்தில், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு புள்ளியைத் தொட்டதுபோல் ஒரு பீப். பட்டனை அமுக்கினாள். இன்னொன்று. அமுக்கினாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. கதவு திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

டாக்டரம்மா தாளை முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த வயசுல இப்படி ஒரு காதா? எனக்கு வேணா குடுத்துடேன், நான் வச்சுக்கறேன்."

"கனத்த சத்தம்?"

"எல்லாமே சரியா இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

"எலுமிச்சை மரத்துல தேனீ சத்தம் கேக்கலை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேனீ இருந்துச்சா?"

காதம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு நின்றது. இருந்ததா? அவள் பார்க்கவே இல்லையே. அந்தத் தோட்டத்தில் அவள் கண்ணைத் திறந்து உட்கார்ந்ததே கிடையாது.

வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் மரத்தடிக்குப் போனாள். இந்தத் தடவை கண்ணால் பார்த்தாள். கிளை கிளையாகப் பூ. தரையில் வெள்ளை வெள்ளையாக இதழ்கள். தண்டில் இரண்டு எறும்பு. ரோஜாக்கள் வாய் திறந்து நின்றன. சூரியகாந்தி பெரிய தட்டு மாதிரி, பரிமாற ஆளில்லாத பந்தியில் வைத்த தட்டு மாதிரி, அப்படியே இருந்தது. வெயில் நகர்ந்தது. ஒரு மணி நேரம் நின்றாள். ஒரே ஒரு தேனீகூட வரவில்லை. கனவில் தெரிந்த தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு வீட்டிலும் ஆளில்லை என்று தெரியவருமே, அப்படி இருந்தது அவளுக்கு.

மாடிப்படியில் இறங்கி வந்த நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டு நின்றாள். "என்ன அண்ணி, இப்படி நிக்கறீங்க?"

"தேனீயே இல்லடி."

"அப்படிப் போடுங்க! அதான் என் பூசணி பிஞ்சு விட்டு விட்டு வெம்பி விழுதா? நான் தண்ணி பத்தலைன்னு நெனச்சு ஊத்தி ஊத்தி அழுக வச்சேன்."

இரண்டு பேரும் தெருவை விசாரித்தார்கள். எப்போது போயின என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வருவதைப் பார்க்கிறவர்கள் உண்டு. போவதை யார் பார்க்கிறார்கள்? கார்டு தன் பங்குக்குக் கணக்குச் சொன்னார். முட்டி வலி என்று தன் முற்றத்தில் அவர் சிமெண்ட் கல் பாவி இரண்டு வருஷம். தெருமுனைக் காலிமனையில் மஞ்சள் மஞ்சளாகக் களைப்பூ கிடக்கும். அது இப்போது கார் நிறுத்துமிடம். கொசுப் புகை வண்டி வியாழக்கிழமை தவறாமல், அதுவும் பூவெல்லாம் விரிந்திருக்கும் காலை நேரத்தில் வருகிறது. போன கோடையில் வெயில் வேறு காய்ச்சி எடுத்தது.

"இதுல எதுன்னு நீங்க சொல்வீங்க?" என்றார் கார்டு. "எல்லாம் சேர்ந்து ஒரே வண்டியில ஏத்தி அனுப்பிருச்சு."

அந்தப் பட்டியல் காதம்மாவுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. காரணம் இத்தனை இருந்தால் யார்மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் ஒரு மூக்கு இருந்ததே. அடுத்த வாரம் பூவாளியை எடுக்க வந்த நாத்தனார் அதை எடுத்த கையோடு முகர்ந்தாள். அது அவளுக்குத் தொழில் பழக்கம். தட்டு, டம்ளர், குழந்தை, எதைக் கையில் வாங்கினாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும்.

"அண்ணி, இதுல என்ன கரைச்சீங்க?"

"தண்ணிதான்."

"தண்ணிக்கு இந்த வாசனை வராது." மூக்கை முன்னால் விட்டு அதன் பின்னாலேயே நடந்தாள். ரோஜாப் பாத்தி, அங்கிருந்து எலுமிச்சை மரத்து அடி, அங்கிருந்து பின்பக்கக் கொட்டகை. பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு டப்பாவை வெளியே எடுத்தாள். பாதிக்கு மேல் காலி.

காதம்மா அதைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். கணவர் குனிந்து ஒரு கடைவாய்ப்பல்லை ராவிக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"ரோஜாவுக்கு உரம்," என்றார், பல்லைப் பார்த்து.

அவர் பொய் சொல்லும்போதெல்லாம் பல்லிடம்தான் பேசுவார். முப்பது வருஷ சம்சாரத்தில் அவளுக்கு அது மனப்பாடம். மேலே ஒன்றும் கேட்காமல் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் வேலை முடிந்து நர்சரிக்குப் போனாள்.

நர்சரிக்காரர் டப்பாவைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "சாருக்கு நான் குடுத்ததுதான்மா. நல்ல மருந்து. அடிக்கவே வேணாம், வேர்ல போட்டா போதும், செடி முழுக்க ஏறிரும். ஒரு பூச்சி அண்டாது."

"முழுக்கன்னா?"

"தண்டு, இலை, கொழுந்து, எல்லாத்துலயும்."

"பூவுல?"

அவர் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "செடின்னா பூவும் சேர்த்துதானேம்மா," என்றார்.

"தேன்ல?"

"இருக்கும். கொஞ்சூண்டு இருக்கும்." பிறகு தானாகவே சொன்னார்: "தேனீயும் கொஞ்சூண்டுதானே."

அன்று சாயங்காலம் கணவர் பல்லை எடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா போடறேன். மாசம் ஒரு தடவை. நீ ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம்."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த டீயை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு வேடிக்கைக் கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரத்தடியில் டீ குடிக்கும்போது டம்ளரில் விழுந்திருந்த தேனீ தொண்டையில் கொட்டிவிட்டது. கார்டு காரை எடுக்க, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதற்கப்புறம் டம்ளருக்கு மூடி போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

"கார்ல நீ மூச்சுக்கு இழுத்தே பாரு," என்றார் அவர், "அந்தச் சத்தம் உனக்குக் கேக்கலை. எனக்குத்தான் கேட்டுச்சு. அந்த மரத்தடியில மறுபடியும் போய் உட்காராதேன்னு சொன்னா நீ கேப்பியா? கேக்க மாட்டே. உன்னைத் தடுக்க முடியாது. அதான், அதுங்களைத் தடுத்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. தெரியாமல் செய்த தப்பென்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இது அப்படியும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவரும் சமாதானத்துக்கு வரவில்லை. நாத்தனார் இரண்டு பேருக்கும் நடுவில் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி, "என் மூக்கை அறுத்துப் போடணும், இதைப் போய் மோப்பம் பிடிச்சேனே" என்று புலம்பினாள்.

ஐந்தாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் காதம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். தோட்டம் பனியில் நனைந்து பால் நிறத்தில் கிடந்தது. அதற்கு நடுவே ஸ்டூல் மேல் ஏறி நின்று அவர் எதையோ செய்துகொண்டிருந்தார். மெழுகு வேலைக்கு வைத்திருக்கும் சின்னக் கிடுக்கி கையில். ஒரு மொட்டைப் பிடித்து, கிள்ளி, தோளில் தொங்கிய துணிப்பையில் போட்டார். அடுத்த மொட்டு. அவசரமே இல்லை. தூங்குகிற யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் ஒவ்வொன்றாக. கீழே ரோஜாப் பாத்தியில் அதற்குள் ஒரு பூ இல்லை, ஒரு மொட்டு இல்லை.

அவள் செருப்பில்லாமல் ஈரப் புல்லில் நடந்து போனாள்.

"என்ன பண்றீங்க?"

"நர்சரியில கேட்டேன். மருந்தை நிறுத்தினாலும் மண்ணுல ஒரு வருஷமோ ரெண்டோ இருக்குமாம். செடி அதை உறிஞ்சிட்டேதான் இருக்குமாம்." அவர் அவளைப் பார்க்காமல் மொட்டைப் பார்த்துச் சொன்னார், ஆனால் பல்லிடம் பேசுகிற குரல் இல்லை. "எங்கிருந்தோ ஒண்ணு தப்பி வந்துச்சுன்னா? வா வான்னு கூப்பிட்டு விஷத்தை வச்ச மாதிரி ஆயிடாது?"

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்; ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அந்தத் தோட்டம் பூக்கவில்லை. பூக்க விடவில்லை. தினமும் காலையில் அவர் மேல் கிளை, அவள் கீழ்க் கிளை. சூரியகாந்தி தலையெடுக்கும் முன்பே கழுத்தை இழந்தது. தோட்டம் முழுக்க ஒரே பச்சை. இலைமேல் இலையாக, அடர்ந்து, இருண்டு, சொல்ல வந்ததை வாய்க்குள் வைத்திருக்கிறவர்கள் கூட்டமாக நிற்பதுபோல் நின்றது. காதம்மாவுக்கு அதில் நடக்கும்போது தூக்கத்தில் நடப்பதுபோலவே இருக்கும். கார்டு மதில் வழியாக எட்டிப் பார்த்து, "பூச்செடி வச்சுட்டு பூ வேணாங்கிற ஆளுங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். விஷயம் தெரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. தன் முற்றத்தில் மதிலோரமாக ஆறு கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். முட்டிக்கு மிச்சக் கல் போதும், இங்கே களைப்பூ முளைக்கட்டும் என்றார்.

மாடியில் நாத்தனாரின் பூசணியை வேறு மண் கொண்டுவந்து பெட்டிகளில் போட்டார்கள். கூடவே வெள்ளரி, கொத்தமல்லி. இவற்றில் மருந்து இல்லை, ஆகவே பூக்கலாம். வந்து தொட யாரும் இல்லாததால் அந்த வேலையும் பல்செட்டுக்காரர் தலையில் விழுந்தது. பல்லுக்கு நிறம் தீட்டும் ஒற்றை முடிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, ஆண் பூவில் தொட்டுப் பெண் பூவில் வைப்பார். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்பல்லுக்கு மெருகு போடுகிற அதே முகத்தோடு.

"நீங்க எத்தனை பூ பண்ணுவீங்க, ஒரு காலையில?" என்று கேட்டாள் காதம்மா.

"பதினஞ்சு. அதுக்கே இடுப்பு போயிடுது." பிரஷ்ஷைத் துடைத்தார். "எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கு தெரியுமா? அதுங்க சும்மா செஞ்சிட்டிருந்துச்சு."

அவள் அவர் முதுகைப் பிடித்துவிட்டாள். அவர்கள் பழையபடி பேசிக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நாத்தனார் பிற்பாடு சொல்வாள்.

பதினைந்தில் மூன்று காய் பிடித்தது. அதிலும் ஒன்று ஒருபக்கமாகச் சூம்பி, பல் கட்டாத வாய் மாதிரி இருந்தது. பூரணமாகத் தொடாத பூ அப்படித்தான் காய்க்கும் என்றார் நர்சரிக்காரர். அவர் அந்த டப்பாக்களைக் கடை முன்வரிசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கேட்டால் மட்டும் தருகிறாராம். கேட்கிறவர்கள் குறையவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். கொசுப் புகை வண்டியைச் சாயங்காலம் அனுப்பச் சொல்லி காதம்மா நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தாள். இரண்டு வாரம் சாயங்காலம் வந்தது. மூன்றாவது வாரம் பழையபடி காலையில் வந்து நின்றது. மறுபடியும் நடந்தாள்.

அடுத்த வருஷம் எலுமிச்சை மறுபடி மொட்டுவிட்டது. மறுபடி கிள்ளினார்கள்.

அந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். கண்ணாடிக்கு உள்ளே ஒரு பெரியவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். காதம்மா மெஷினில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள். வெளிக் கதவில் யாரோ தட்டுவதுபோல் இருக்க, திரும்பினால் கதவின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் அவள் கணவரின் முகம். மூச்சு வாங்கியது. புருவத்தில் பிளாஸ்டர் மாவு. இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒருமுறைகூட வேலை நேரத்தில் அங்கே வந்ததில்லை. நாத்தனாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அவர் வாயசைத்தார். சத்தம் உள்ளே வரவில்லை. அந்தக் கதவுகள் அப்படிச் செய்தவை. கையைத் தூக்கி மேலே காட்டினார்: மாடி. விரல்களைக் குவித்துச் சின்னதாக விரித்தார்: பூ. கொத்தமல்லி, என்று உதடு சொன்னதுபோல் இருந்தது. பிறகு ஒரு விரலை நீட்டி, காற்றில் கிறுக்குத்தனமாக வளைத்து வளைத்து ஓட்டி, தன் மூக்கு நுனியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது: தேனீ.

'எத்தனை?' என்று கையாலேயே கேட்டாள்.

அவர் ஒரு விரல் காட்டினார். யோசித்தார். இரண்டு விரல் காட்டினார். மறுபடி யோசித்து, இரண்டு கையையும் விரித்தார். ஒன்றே இரண்டு தடவை வந்ததா, இரண்டும் வேறு வேறா, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பயந்த மாதிரியும் இருந்தது அந்த முகம், சிரித்த மாதிரியும் இருந்தது.

உள்ளே பெரியவர் பட்டனை அமுக்கினார். விளக்கு எரிந்தது. அவள் ஒரு சத்தமும் அனுப்பியிருக்கவில்லை. மறுபடி அமுக்கினார். அமுக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கேட்கிறவர்போல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். காதம்மா அந்த இரண்டு புள்ளிகளையும் தாளில் குறிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவரை எழுப்பவும் இல்லை.